தொண்டின் ஊதியம்

சைவாசிரியர்காள்! மாலைதோறும் கைம்மாறு கருதாது சிறார்க்குக் கற்பிப்போர், சில ஆண்டுகளில் "பயன் யாது?" என மனந்தளர்தலுண்டு. அவர் சுவாமி விபுலாநந்தரை நினைப்பாராக. காரைதீவிற் பிறந்து, எம்மைப்போல் மிஷன் பாடசாலையிற் கற்ற அப்பெரியார், 1924இல் துறவு பூண்டார். 1925இல் எமது திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1947இல் மறைந்த அவர், அவ்வித்தியாலய வளவிலேயே சமாதியுற்றார். அவ்விரு பள்ளிகளிலும் இன்றும் பிள்ளைகள் கற்கின்றனர்.

துறைமுகத் தெருவில் நாம் எழுத்தறிவித்த சிறுவனொருவன், ஆண்டுகள் பல கழிந்தபின், தன் மகவோடு அயலார் மக்களையும் கூட்டிவைத்துக் கற்பிக்கக் கண்டோம். தொண்டின் ஊதியம் இதுவேயாம். ஈராண்டிற் கைவிட்டிருப்பின் இதனைக் கண்டிரோம். ஆதலின், தொடங்கிய வகுப்பை நிறுத்தற்க. கோணேசப்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.