அறியாததை உறுதியாய்ச் சொல்லலாமா?

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 147573952589676412927. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் இது மீதியின்றி வகுபடாது என்று பிரெஞ்சுத் துறவியான மெர்சேன் சுவாமியார் 1644-ல் எழுதினார். அது தவறென்று 1876-ல் லூக்காஸ் நிரூபித்தார். 1903-ல் அமெரிக்கரான கோல், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கி அதே எண்ணை வருவித்தார். (இதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் சென்றனவாம், பூசை தப்பவில்லையென நம்புவோம்!)

சுவாமியார் பொய் சொன்னாரா? மனதறிந்து உண்மைக்கு விரோதமாய்ப் பேசுவதே பொய். அவர் நம்பியே எழுதியிருப்பார், ஆகையால் பொய்யன்று. ஆயினும் சோதியாததை உறுதியாய்ச் சொன்னது குறையே. எண்ணுக்கு அதனால் சேதமில்லை. அயலான் பேரைப்பற்றி நாம் அவ்விதம் சொன்னால் சேதமுண்டு. "என்று எண்ணுகிறேன்" என அவர் சேர்த்திருந்தால், எட்டாம் கற்பனையைக் கொண்டு அவரை விசாரிக்க நமக்கு வேலையே இராது.