எந்த வேகத்தில் சந்தோஷம்?

கார் ஓட்டுவதில் என்ன சந்தோஷம் இருக்கிறது என்று கேட்டால், வேகம்தான் என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லிவிடுவார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை என்று எனக்குக் காட்டியவர் தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துவந்த ஒரு டாக்டர். காட்டிய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்ட்.

இப்போது அந்தக் காரைக் கண்ணால் காண்பதே அபூர்வம். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் தயாரித்தார்கள். 948 சி.சி. எஞ்சின், சுமார் நாற்பது குதிரைச் சக்தி. உருவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மனிதர் வரைந்த உடம்பை அதன்மேல் ஏற்றி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். அந்தத் தம்பி நம் நாட்டில் தயாராகவில்லை. அண்ணனை வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டாக்டருக்கு அந்த ஆசை உண்டு. 1972 வாக்கில், கபிஸ்தலத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், பெரும்பாலும் ஒரு வளைவு. ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் இடது கை கியர்க் கம்பியைத் தேடிப் போயிற்று. செகண்ட், தேர்டு, மறுபடி செகண்ட். எஞ்சின் உச்ச ஸ்தாயியில் பாடிற்று. மீட்டரைப் பார்த்தேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை.

"டாக்டர், டாப்பிலேயே விட்டுவிட்டால் சுகமாகப் போகாதோ?" என்று கேட்டேன்.

"போகும். வண்டி போகும், நான் ஓட்டமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

திருவையாற்றைத் தாண்டியதும் அவரே விளக்கினார். சங்கீதப் பித்து உள்ளவர். அதனால் விளக்கமும் அந்த வழியிலேயே வந்தது. "வர்ணத்தை முதல் காலத்தில் பாடுகிறோம். அப்புறம் இரண்டாம் காலத்தில் பாடுகிறோம். தாளம் மாறுகிறதா? கை அதே நிதானத்தில்தான் விழுகிறது. ஒரு தட்டுக்குள் அடங்கும் ஸ்வரம்தான் இரட்டிக்கிறது. சக்கரம் தாளம், எஞ்சின் ஸ்வரம். எத்தனை ஸ்வரத்துக்கு ஒரு தட்டு என்று முடிவு பண்ணுகிறதுதான் கியர்."

இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. கணக்கையும் பார்த்துவிடலாம். முதலில் வந்த ஸ்பிட்ஃபயரில் பின் அச்சின் கிரௌன்-பினியன் விகிதம் 4.11. அதாவது, டாப் கியரில் சக்கரம் நூறு சுற்றுச் சுற்ற, எஞ்சின் 411 சுற்றுச் சுற்ற வேண்டும். 1970இல் வந்த நான்காம் மாடலில் அது 3.89 ஆயிற்று. கடைசியாக வந்த 1500 சி.சி. வண்டியில் 3.63. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக, அதே வேகத்துக்கு அது படும் பாடு குறைந்தது. நீண்ட நெடுஞ்சாலைகளில் சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம். இதெல்லாம் லாபந்தான். ஆனால் கையில் இருக்கும் பலம் முழுவதையும் செலவழித்து ஓட்டுகிற உணர்ச்சிக்கு முன்னைவிட அதிக வேகம் தேவைப்படும். இரண்டையும் ஒரே பல் சக்கரத்தில் வாங்க முடியாது.

கபிஸ்தலத்துக்குச் சற்று முன்னால் அறுவடை நெல்லை ரோட்டில் பாதிக்குமேல் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். தஞ்சை ஜில்லாவில் இது புதிதல்ல. களம் போதாதபோது தார் ரோடுதான் களம். ஒரு கிழவி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஹெரால்டின் ஃபர்ஸ்ட் கியர், வண்டி ஓடும்போது லேசில் விழாது. கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் எஞ்சினை ஓர் உறுமல் உறுமவைத்துப் போட வேண்டும். டாக்டர் அப்படிப் போட்டு, ஓர் ஓரமாக, நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் நடைவேகத்தில் நகர்த்தினார். கிழவி சிரித்தாள். "தூரத்திலேயே பாடிக்கிட்டு வருதுங்களே ஐயா இந்த வண்டி!" என்றாள்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2010இல் ஓர் உறவினரின் பெரிய காரை வாங்கி, அதே ரோட்டில் தனியாக ஓட்டினேன். ஆறு கியர், எஞ்சின் இருப்பதே தெரியாத நிசப்தம். ஐம்பதில் போவதாக உடம்பு சொல்லிற்று. மீட்டர் தொண்ணூற்றைந்து என்றது. ஐம்பதில் அந்த வண்டி தூங்கி வழிந்தது. எண்பதைத் தாண்டினால்தான் கொஞ்சம் கண்ணைத் திறந்தது. எனக்கும் அப்படியே. வளைவு திரும்பினால் ரோட்டில் நெல். குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் சாக்கோடு எழுந்தான். பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி நெல்லின்மேல் சறுக்கி, அவனுக்கு ஒரு கஜ தூரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவன் என்னைத் திட்டவில்லை. சிதறின நெல்லைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நான் கெட்ட எண்ணத்தோடு ஓட்டவில்லை. டாக்டர் தேடிய அதே சந்தோஷத்தைத்தான் நானும் தேடினேன். வித்தியாசம் ஒன்றுதான். அவருடைய சந்தோஷம் முப்பதில் ஆரம்பித்து ஐம்பதில் நிறைந்துவிட்டது. என்னுடையது எண்பதுக்கு மேல்தான் ஆரம்பித்தது. ஆகவே அதற்கு நீளமான ரோடு வேண்டியிருந்தது, காலியான ரோடு வேண்டியிருந்தது. ரோடு காலியாக இல்லை என்பதை மறந்துவிடவும் வேண்டியிருந்தது. ஒரு சந்தோஷம் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அது எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிற்று. சீக்கிரம் ஆரம்பிக்கும் சந்தோஷம் மற்றவர்களிடம் அதிக இடம் கேட்பதில்லை.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. தேவைக்குமேல் எஞ்சினைச் சுழற்றினால் பெட்ரோல் வீண், ஊருக்குச் சத்தம். வாஸ்தவம்; அந்த உபத்திரவத்துக்கு டாக்டரும் பொறுப்பாளிதான். இன்றைய மின்சாரக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒரே கியர்தான்; மாற்றுகிற வேலையே இல்லை. புகையும் இல்லை. அவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இன்னும் கடினமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. யந்திரம் செய்யக்கூடியதைக் கையால் செய்வதில் ஆனந்தம் என்று சொல்கிறேனே, சேற்றில் நாள் முழுக்க வளைந்து நாற்று நட்ட பெண்ணிடம் போய் அதைச் சொல்வேனா? சொல்ல எனக்கு வாயில்லை. நடவு யந்திரம் வந்தபோது, கூலி போகிறதே என்ற கவலையோடு, இடுப்பு நிமிர்ந்ததே என்ற ஆறுதலும் அவளுக்கு இருந்திருக்கக்கூடும். உழைப்பெல்லாம் ஆனந்தம் என்பது உழைக்காதவர்களின் வேதாந்தம்.

ஆனால் டாக்டருக்கும் அவளுக்கும் உள்ள பேதத்தைக் கவனித்தால் இதுவும் கியர் விஷயந்தான் என்று தோன்றுகிறது. பாரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு என்று பார்த்துத் தன் பலத்துக்குத் தக்க விகிதத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறவனுக்கு உழைப்பு விளையாட்டு. மேடானாலும் பள்ளமானாலும் பிறத்தியார் பூட்டிவிட்ட ஒரே கியரில் இழுக்கிறவனுக்கு அது நுகத்தடி. குறைந்த பலம் ஒரு துக்கமில்லை. நாற்பது குதிரையோடு டாக்டர் ராஜா மாதிரி இருந்தார். விகிதத்தை மாற்றிக்கொள்ள முடியாமல் போவதுதான் துக்கம்.

எனக்கு அந்த வசதி இருந்தது. என் கையில் ஆறு கியர் இருந்தது. மூன்றாவதில் போட்டு, நாற்பதில் போயிருக்கலாம். அந்த வண்டியும் கொஞ்சம் பாடியிருக்கும், பையன் தூரத்திலேயே கேட்டுவிட்டு நகர்ந்திருப்பான். அதை நான் யோசிக்கவே இல்லை.

வண்டியிலிருந்து இறங்கி, சிதறின நெல்லைக் கையால் கூட்டித் தள்ள உதவினேன். "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான் பையன். திரும்பி வரும்போது அந்த இடத்தை இரண்டாவது கியரில் தாண்டினேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் இருந்தது.