பந்தியிற் கடைசி நண்பன்

மகிழ்ச்சி தனித்திருக்கப் பொறாதது. துக்கத்தை ஒருவன் கதவடைத்துக்கொண்டு தனியே சுமக்கக்கூடும். மகிழ்ச்சியோ வந்த மறுகணமே வாசலுக்கு ஓடி யாரையேனும் கூவி அழைக்கும். மகன் பரீட்சையில் தேறினாலும், உத்தியோகத்தில் ஒருபடி உயர்ந்தாலும், நெடுநாள் நோயுற்றவர் எழுந்து நடமாடினாலும், நாம் முதலில் நினைப்பது நண்பரையே; அடுத்து நினைப்பது உணவையே. முன்னாளில் இதற்கு வீட்டுக் கூடமும் வாழையிலையும் போதியனவாயிருந்தன. இந்நாளில் பட்டணத்து உணவு விடுதியும், அதன் விலைப்பட்டியலும், சிலர் நடுவே ஒரு புட்டித் திராட்சை மதுவும் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. தோட்டத்து இளைஞரும் சம்பளம் வாங்கிய வாரத்தில் பட்டணம் சென்று இவ்வாறு கூடி உண்பதைக் காண்கிறோம்.

இது நல்வழக்கமா, வீண் ஆடம்பரமா? உழைத்து ஈட்டிய காசை ஓரிரவில் தொலைப்பதா என்று கண்டிப்போர் ஒருபுறம் நிற்கின்றனர். எம் காசு, எம் மகிழ்ச்சி, கேட்பதற்கு நீர் யார் என்போர் மறுபுறம் நிற்கின்றனர். இருசாராரும் விருந்தைக் காசின் கணக்காகவே பார்க்கின்றனர் அன்றோ? நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பந்தியில் அமர்ந்திருப்பவருள் எவருடைய பை மிக மெலிந்ததோ, அவர் அங்கே எவ்வாறு அமர்ந்திருக்கிறார்? எவ்வாறு எழுந்து செல்கிறார்? விருந்தின் நன்மை தீமைகளை அளப்பதற்கு இதனினும் நேரிய கோல் வேறில்லை என்பது நம் துணிபு.

உணவு விடுதிக்குரிய பெருமையை முதலில் சொல்லிவிடுவோம். நம்மவரிடையே உடனுண்ணுதல் என்பது எளிதிற் கிடைத்த உரிமையன்று. யார் யாருடன் அமரலாம், யார் முந்திய பந்தி, யார் பிந்திய பந்தி, யார் வாசலோடு நிற்கவேண்டும் என்பவற்றையெல்லாம் பிறப்பே தீர்மானித்த காலம் உண்டு. தேசத் தொண்டுக்கெனப் பொதுப்பணம் பெற்று வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலேயே பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி இருந்தது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் அதன் பொருட்டுத் தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. சிறுவர் சிலர் எங்கே உட்கார்ந்து சோறு உண்பது என்பதா ஒரு நாட்டுப் பிரச்சினை என்று அறியாதார் கேட்கலாம். ஆம், அதுவே பிரச்சினை. உடனுண்ண மறுப்பவன், எதிரே நிற்பவனை மனிதனென ஒப்ப மறுக்கிறான்.

இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உணவு விடுதியொன்றில் நுழைபவனை நீ யார் மகன் என்று எவரும் கேட்பதில்லை. பல இனத்தாரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்கின்றனர். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கும் அதே நாற்காலி, அதே தட்டு. நண்பர் கூடி விடுதியில் உண்பதை வெறும் நாவின் சபலமென்று நாம் தள்ளிவிடாததற்குக் காரணம் இதுவே.

ஆயினும், பிறப்பைக் கேளாத இப்பந்தி, பையைக் கேட்கிறது. பழைய பந்தி வாசலில் நிறுத்தியது. புதிய பந்தியோ உள்ளே அழைத்து உட்காரவைத்து, இறுதியிலே கணக்குச் சீட்டை நீட்டுகிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி குறைந்த மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்திற்கு 26 வேலைநாள் என வகுத்தால், நாளொன்றுக்கு 65 ரிங்கிட்டும் சில்லறையும் வரும். விலைப்பட்டியலில் 130 ரிங்கிட் என்று குறித்திருக்கும் புட்டியைப் பாருங்கள். பட்டணத்து உத்தியோகஸ்தருக்கு அது ஓர் எண். செம்பனைக் குலை வெட்டும் தோழருக்கோ இரண்டு நாள் வெயில். தோட்டத்துக் காரியாலயத்தில் சம்பளக் கணக்கு எழுதும் நம் போன்றோர்க்கு இவ்விரு கணக்கும் ஒரே ஏட்டில் தெரிகின்றன. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது அவை தெரிவதில்லை. மெலிந்த பையுடையவர் எவரினும் உரக்கச் சிரிப்பதும் உண்டு.

செலவைச் சமமாகப் பங்கிட்டால் நியாயந்தானே என்று சொல்லலாம். சமம் என்ற சொல் எப்போதும் நியாயத்தைக் கொண்டுவருவதில்லை. இஸ்ரேல் நாட்டில் யூரி கிநீசி முதலிய மூன்று ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனையொன்று 2004இல் வெளியாயிற்று. ஆறு ஆறு பேராக ஓர் உணவு விடுதியில் அமர்த்தி, விரும்பியதை உண்ணச் செய்தனர். அவரவர் உண்டதற்கு அவரவரே கொடுக்கவேண்டும் என்றபோது ஆளொன்றுக்குச் சராசரிச் செலவு ஏறக்குறைய 37 செக்கல். மொத்தத்தை ஆறாகப் பங்கிடுவோம் என்றபோது அது 51 ஆயிற்று. முழுச் செலவும் சோதனை நடத்துவோருடையது என்றபோது 82க்கு ஏறிற்று. எம்முறை வேண்டும் என்று கேட்டபோதோ, அவர்களிற் பெரும்பாலோர் தனித்தனியே கொடுப்பதையே விரும்பினர். இதன் கருத்து யாது? பங்குமுறையில் ஒவ்வொருவரும் பிறர் காசில் சற்றே கை வைக்கின்றனர். பிறரும் அவ்வாறே செய்வர் என்று அஞ்சி மேலும் வைக்கின்றனர். முடிவில் எவரும் விரும்பாத தொகையை எல்லாரும் கொடுக்கின்றனர். அச்சோதனையில் அமர்ந்தவர் ஆராய்ச்சிக்கென அழைக்கப்பட்டவர். மறுநாள் ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கவேண்டியவர் அல்லர். நண்பர் பந்தியோ அத்தகையதன்று. அங்கே ஒருவர் சோறும் ரசமும் உண்டு, இறாலுக்கும் மதுவுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்புவாரானால், அடுத்த அழைப்புக்கு அவர் வரமாட்டார். அன்று உடம்புக்கு முடியவில்லை என்பார். நட்பு அவ்வாறுதான் தேய்கிறது.

அப்படியாயின், செல்வமுள்ளவரே எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? நம் நாட்டில் இதற்குப் பெலாஞ்சா என்னும் மலாய்ச் சொல்லே எல்லா மொழியினர்க்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. அன்பினால் ஒருமுறை செய்வது அழகு. எப்போதும் ஒருவரே கொடுப்பதும், எப்போதும் ஒருவரே பெறுவதும் ஆனால், கொடுப்பவர் துரையாகிறார். பெறுபவர் அவர் சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கக் கடமைப்பட்டவராகிறார். நட்பை ஆராய்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, பண்பு கருதிய நட்பு என்று மூன்றாகப் பிரித்தார். சமமில்லாதவரிடையே நட்பு நிலைக்கவேண்டுமானால் கைம்மாறு அவரவர் தகுதிக்கேற்ப அமைதல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. இதை நம் வாழ்க்கைக்குப் பெயர்த்துச் சொல்வதானால், ஒருவர் விடுதியில் விருந்திட்டால், மற்றவர் தம் வீட்டில் ஒரு ஞாயிறன்று மீன்குழம்பிட்டு அழைக்கட்டும். காசால் இரண்டும் சமமல்ல, மனத்தால் சமம். அந்த மீன்குழம்புக்குப் போக நேரமில்லை என்பவர், முன்னர்த் தாம் இட்ட விருந்தையும் வெறும் தர்மமாக்கிவிடுகிறார்.

இனி மதுவின் விலையைப் பார்ப்போம். விலையேறிய புட்டியே நண்பருக்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 2008இல் வெளியான ஆய்வொன்றில், விலையையும் பெயரையும் மறைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகள் கணக்கிடப்பட்டன. பயிற்சியில்லாத பொதுமக்கள் விலைமிக்க மதுவை அதிகம் விரும்பினார்களில்லை. சற்றுக் குறைவாகவே விரும்பினர். அதே ஆண்டில் வெளியான, கலிபோர்னியாவில் நடந்த மற்றொரு சோதனையில், ஒரே மதுவை ஒருமுறை 10 டாலர் என்றும், மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்று கேட்டபோது அது இனிதாயிருந்தது என்றனர்; மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது மிகுதியாக இயங்கிற்று. நாக்கு அருந்துவது மதுவை. மனம் அருந்துவதோ விலையை!

சிங்கப்பூரின் தீர்வைக் கணக்கும் நமக்கு ஒரு பாடம். 2014 முதல் அங்கே திராட்சை மதுவுக்குத் தீர்வை, அதிலுள்ள தூய சாராயத்தின் அளவில் லிட்டருக்கு 88 வெள்ளி. நூற்றுக்குப் 13 பங்கு சாராயமுள்ள முக்கால் லிட்டர்ப் புட்டிக்கு அது 8 வெள்ளி 58 காசு ஆகிறது. புட்டி 20 வெள்ளியாயினும் 200 வெள்ளியாயினும் இத்தீர்வை மாறுவதில்லை. ஆகவே மிகமிக மலிந்த புட்டியில் தீர்வைக்கும் கண்ணாடிக்கும் கப்பற்கூலிக்கும் போக, மதுவுக்கென்று மிஞ்சும் காசு சொற்பம்; மிகமிக உயர்ந்த புட்டியிலோ காசின் பெரும்பகுதி பெயருக்கே போகிறது. நடுத்தர விலையில் நல்லதைத் தேடி எடுப்பவன் கஞ்சனல்லன், அறிவுள்ளவன்.

ஆனால் மலிவு வேறு, தகுவிலை வேறு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவை அருந்திப் பலர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் அவர்களுள் இருந்தனர். நல்லதொரு பந்தியில் இடமில்லாதவனையே நச்சுப் புட்டி தேடிப் பிடிக்கிறது. தகுவிலை என்பது காசு குறைந்தது மட்டுமன்று. உடலுக்கும், மறுநாளைக்கும், வீட்டாருக்கும் கேடு குறைந்ததும் ஆகும். கேடு குறைந்ததேயன்றி, கேடில்லாதது என்று மதுவைச் சொல்வதற்கில்லை. பத்திரமான அளவென்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2023இல் அறிவித்தது.

ஆதலால் கிண்ணத்தை மறுப்பவரின் உரிமையே பந்தியின் முதல் உரிமையாதல் வேண்டும். கி.மு. 416இல் ஏதென்ஸ் நகரத்து நாடகக் கவி அகத்தோன், தான் பெற்ற பரிசைக் கொண்டாட நண்பரை அழைத்த விருந்தைப் பிளேட்டோ ஒரு நூலாகவே எழுதினார். அவ்விருந்தினர் முதலிற் செய்த ஏற்பாடு யாதெனில், எவரையும் குடிக்கும்படி வற்புறுத்துவதில்லை, விரும்பியவர் விரும்பிய அளவே அருந்தலாம் என்பதே. அதன்பின் அன்பு என்பது யாது என்று முறைவைத்துப் பேசினர். பேச்சுக்கு இடம்விட்டு மது ஒதுங்கியதால் அவ்விரவு இருபத்துநான்கு நூற்றாண்டுகள் கடந்தும் நினைக்கப்படுகிறது. ஆயினும் அங்கே ஒரு குறை உண்டு. குழலூத வந்த பெண்ணை வேண்டுமானால் உள்ளிருக்கும் பெண்களுக்கு ஊதட்டும் என்று அனுப்பிவிட்டனர். அன்பைப் பற்றிப் பேசிய பந்தியில் பெண்ணுக்கு இடமில்லை. பரிமாறிய பணியாட்களுக்கும் இடமில்லை.

அக்குறையை நம்மிடமும் காணலாம். தோட்டங்களில் கள்ளுக்கடை என்ன செய்தது என்பதை நம் பாட்டிமார் அறிவர். ஆண்கள் கூடிக் களித்த மாலைகளின் விலையை அடுப்பங்கரையில் இருந்தவர்களே கொடுத்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துக் கிளம்பினர். மறியலிலும் ஊர்வலத்திலும் அவர்கள் காக்க முயன்றது, பந்திக்கு வெளியே பசியோடு காத்திருந்தவரையே. அந்தக் கள்ளுக்கடைக்குப் பதிலாகக் குளிரூட்டிய விடுதியும் கண்ணாடிக் கிண்ணமும் வந்துவிட்டதனால் மட்டும் பழைய கேள்வி தீர்ந்துவிடாது. வீட்டிலுள்ளோர் அப்பந்தியில் இருக்கிறார்களா, அல்லது அதன் கடனை மட்டும் அறிகிறார்களா?

நம் முன்னோர் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. விருந்தோம்பலைப் போற்றி ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். புறநானூற்றிலோ, அதியமானை இழந்து புலம்பும் பாட்டில், கள் சிறிதாயின் பிறர்க்கே அளித்தவன், பெரிதாயின் பிறர் உண்டு பாட எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்டவன் என்று அவனை நினைவுகூர்கின்றனர். ஒன்று விலக்குகிறது, மற்றொன்று பகிர்கிறது. இரண்டுக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு: தன் களிப்புக்காகப் பிறரைக் குறைவுபடுத்தாமை.

அன்பர்களே! கொண்டாடுங்கள். உழைப்பவனுக்கு ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி உரியதே. அதை மறுப்பது சீர்திருத்தமாகாது. ஆனால் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறைந்த பையைக் கேளாமல் மெலிந்த பையைக் கருதுங்கள். செலவு யாருடையது என்பதை உண்டபின் அல்ல, அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். மதுவின் கணக்கை அருந்துவோர் தமக்குள் வைத்துக்கொள்ளட்டும். அருந்தியவர் வண்டியைத் தொடாதிருக்கட்டும். வேண்டாம் என்றவரைப் பார்த்து ஏன் என்று கேளாதீர்கள். இயலுமாயின் மனைவி மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். பிறகு, எல்லாரும் எழுந்து போகும் நேரத்தில், நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கடைசியாக எழும் நண்பரைப் பாருங்கள். அடுத்தமுறை எப்போது என்று அவர் தாமாகவே கேட்பாராயின், உங்கள் விருந்து நன்றாக நடந்தது என்று அறிந்துகொள்ளலாம்.