பானெட்டுக்கு அடியில் இருப்பது

அம்பாசிடரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு ஈரத்துணி வைத்தியம் மறந்திருக்காது. பர்லியார் பக்கம் போவதற்குள் வண்டி திணறி நின்றுவிடும். அப்பா பதறமாட்டார். பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது, சூடு தணிந்தால் வண்டி தானாகக் கிளம்பும் என்று அவர் சொன்னபோது நான் பள்ளிச் சிறுவன். சொன்னவுடனே புரிந்தது. இன்னொரு நாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கரி பிடித்த பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை கேஜ் வைத்துப் பார்த்தார். அப்பா மெக்கானிக் அல்ல, கூட்டுறவு வங்கியில் கணக்கர்.

அந்த வண்டி திரும்பி வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. அதில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் பிரேக் கிடையாது. 2019-இல் இரண்டும் கட்டாயமான பிறகு எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கிறதோ! 2020-இல் வந்த பிஎஸ்-6 விதிப்படி புகையைக் கட்டுப்படுத்த, எரிபொருளை நொடிக்கு நொடி அளந்து விடும் கம்ப்யூட்டர் வேண்டும். கார்புரேட்டரால் அது ஆகாது. சிக்கல் கூடியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

என் வருத்தம் வேறு. போன வருடம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில், "சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார்கள். எந்த சென்சார், ஏன் போனது என்று கேட்டேன். "அது சிஸ்டம்ல வரும் சார்." பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையில் அந்த விளக்குக்குப் பின்னால் தெளிவான பதில் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று அதற்குப் பிறகு தேடலாம். எந்தக் கம்பெனி காரானாலும் இந்தக் குறியீட்டுக்குப் பொருள் ஒன்றுதான். காருக்குத் தெரிந்தது, ஓட்டுபவருக்குச் சொல்லப்படுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், டீலருக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் தரவேண்டும் என்று 2012-இலேயே சட்டம் போட்டது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

காரணம் கேட்காமல் காசு கொடுத்துப் பழகியவர்கள், மருத்துவமனையிலும் வங்கியிலும் அப்படித்தான் தலையாட்டுகிறோம். அப்பாவின் தலைமுறைக்கு இருந்த துணிச்சல், தன் பொருளைத் தனக்குத் தெரியும் என்பதிலிருந்து வந்தது.

அடுத்த முறை விளக்கு எரிந்தால் குறியீட்டைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். காசு கொடுத்து மாற்றிய பாகம் என்றால் பழையதையும் கையில் வாங்கிப் பாருங்கள்.