நோன்பா, நோயா?

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிப்போர், அங்குள்ள பழங்கல்வெட்டையும் காணாமல் திரும்புவதில்லை. 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது. அதன் முன் நின்று கைகூப்பாத சமணர் இலர். ஆயினும் அந்தப் பக்தியே ஒரோவழி நம் கண்ணை மறைத்துவிடும் என்பதை எங்கள் குடும்பத்து நிகழ்ச்சியொன்று எனக்குக் காட்டிற்று.

என் பெரியம்மா திண்டிவனம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். கணவரை இழந்த ஐந்தாம் மாதத்தில் உணவைக் குறைக்கத் தொடங்கினார். சில வாரங்களில் சிறிதளவு பாலோடு நின்றது. "அம்மா நோன்பு ஏற்றுவிட்டார்" என்று உறவினர் உயர்வாகப் பேசினர். நானும் சென்று, அவர் அடிகளில் விழுந்து வணங்கி மீண்டேன். அதை நினைக்க இன்றும் நாணமாக இருக்கிறது. அவர் மருமகள் மட்டும் உடன்படவில்லை. "நோன்பு ஏற்றவர் ஜினாலயம் போவதை நிறுத்துவாரா? விடியுமுன் எழுந்து அழுவாரா? 'நான் உங்களுக்குப் பாரம்' என்பாரா?" என்று கேட்டாள். எங்களில் எவரிடமும் விடை இல்லை.

விடை நம் நூல்களிலேயே உள்ளது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு உரிய காலங்களாக இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி ஆகியவற்றைக் கூறுகிறார். ஆனால் அவை தீர்வற்றனவாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு கூறுகிறார். மருந்துள்ள பிணிக்குச் சல்லேகனை இல்லை. தத்துவார்த்த சூத்திரமோ, சாவை விரும்புதலையே சல்லேகனையின் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. "எப்போது போவேன்" என்று புலம்பும் உள்ளம் சமநிலை எய்திய உள்ளம் அன்று. ஆர்த்த தியானத்தில் அழுந்திய உள்ளம். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தபோது நாம் வருந்தினோம். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரண்டும் வேறு என்று நாட்டுக்கு எடுத்துரைத்த நாம், நம் வீட்டுத் திண்ணையிலும் அவற்றைப் பிரித்தறிய வேண்டாவா?

"எல்லாம் அசாத வேதநீயத்தின் பயன்; அனுபவித்தே தீர வேண்டும்" என்பார் சிலர். காலில் முள் தைத்தால் அவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. வினை உதயமாவது உண்மை. அதற்குத் துணைக்காரணங்கள் உண்டு என்பதும், அவற்றை மாற்ற முயற்சிக்கு இடமுண்டு என்பதும் நம் கொள்கையே. அன்றேல் நான்கு தானங்களுள் ஔடத தானத்தை முன்னோர் வைத்ததற்குப் பொருளே இல்லை. சமந்தபத்திரரின் வரலாறாக வழங்கும் கதையையும் நினைக்கலாம். தீராப் பசிநோயால் வருந்திய அவர் சல்லேகனைக்கு அனுமதி வேண்ட, குரு மறுத்துவிட்டாராம். துறவுக் கோலத்தை நீக்கி, உண்டு, நோய் தீர்ந்தபின் மீண்டும் தீட்சை பெற்றார் என்பர். தவக்கோலத்தையே களைந்து நோய் தீர்த்துக்கொண்டவரை நாம் ஆசாரியர் என்று போற்றுகிறோம். மனநல மருத்துவரிடம் போனவரை மட்டும் ஊரில் வேறு பெயரிட்டு அழைக்கிறோம்.

எப்போது உதவி நாட வேண்டும் என்பதற்கு மருத்துவர் கூறும் அளவு எளிது. துயரம் எவர்க்கும் உண்டு; அது நோயன்று. ஆனால் பெரும்பாலான நாட்களில், நாள் முழுதும், இரண்டு வாரத்திற்கு மேலாகச் சோர்வு நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டு, விரும்பிய செயல்களிலும் மனம் ஒட்டாமற்போயின் காலந்தாழ்த்தலாகாது. சாவைப் பற்றிய பேச்சு எழுமாயின் இரண்டு வாரமும் காத்திருத்தல் கூடாது. அன்றே செல்ல வேண்டும். அவரைத் தனியே விடவும் கூடாது. நள்ளிரவாயினும், 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோரிடம் தைராய்டுக் குறையும் மனச்சோர்வு போலத் தோன்றுமாதலால், இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

பெரியம்மாவை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தை விட்டு இறங்கியதும், தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவரோ என்று நான் சுற்றுமுற்றும் நோக்கினேன். மருமகள் நோக்கவில்லை. மருத்துவர் நோன்பைப் பழிக்கவில்லை; "முன்பெல்லாம் அட்டமி, சதுர்த்தசி விரதம் இருந்தபோது மனம் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா நெடுநேரம் பேசாதிருந்து, "இலேசாக இருந்தது" என்றார். பிறகு அழுதார்.

மருந்து பயன்தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது என்றார் மருத்துவர். எங்கட்கு வேறு இடர் எழுந்தது. மாத்திரையை இரவில் உண்ணச் சொன்னார். பொழுது சாய்ந்தபின் பெரியம்மா நீரும் அருந்தார். இத்தகைய காரணத்தால் மருந்தையே கைவிட்டவரை நான் அறிவேன். (கூட்டு மாத்திரைகளின் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளால் ஆனது என்பதும் நம்மவர்க்கு ஓர் உறுத்தல், வேறு வடிவில் கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை.) மருமகள் கூசாமல் கேட்டாள். மருத்துவர் சீட்டை வாங்கி, அடித்து, "மாலை 5 மணி" என்று திருத்தி எழுதினார்.

ஏறக்குறைய ஏழு வாரங்கட்குப் பின் ஒரு காலை, பெரியம்மா தாமே கோலமிட்டுவிட்டு, ஜினாலயத்துக்குப் பூக்கூடையுடன் புறப்பட்டார். அட்டமி விரதம் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பினார். இப்போதைக்கு வேண்டாம், உடல் தேறட்டும் என்று விடை வந்தது. பெரியம்மாவுக்கு அதில் சிறிது மனக்குறைதான்.