யாராச்சும் பேசினா சரி

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்குண்ணே நீங்க பேசணும்?" சேம்பரிங் ஆரம்பித்ததிலிருந்து நம் இயக்கத் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்வது அவ்வளவு சிரமமில்லை. கோவலனை யாரும் விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், உயிர் போனது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது வழக்கு ஜெயித்தது, கோவலன்தான் இல்லை. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்துபேசலாம், அவர் மூலம் எதிர்வாதம் செய்யலாம் என்று நம் கூட்டரசு அரசமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. தப்பு செய்தாரா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

என்னை உறுத்துகிற கேள்வி வேறு. ஓர் ஏழையின் வழக்கில் நான் தொழில் பழகுவது தர்மமா?

சட்டம் படித்து முடித்ததும் 9 மாதம் சேம்பரிங். குறைந்தது 7 ஆண்டு தொழில் செய்த ஒருவர் நமக்கு மாஸ்டர். 3 மாதம் கழித்து 'ஷார்ட் கால்' வாங்கினால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாய் திறக்கலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் வழியாக 'டாக் பிரீஃப்' போவதும் பயிற்சியில் சேர்த்தி. காலையிலேயே நீதிமன்ற லோக்காப்புக்குப் போய், லோயர் இல்லாதவர்களிடம் வயது, வேலை, சம்பளம், பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். பிறகு ஜாமீன் தொகையைக் குறைக்கவோ, குற்றத்தை ஒப்புக்கொண்டவரின் தண்டனையைக் குறைக்கவோ கேட்டுப் பேசுவோம்.

வசதியுள்ளவர் தன் வழக்கில் என்னைப் பேச விடுவாரா? விடமாட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன் ஊசி போட்டுப் பழகுவதும் இதே கதைதான்.

"நீங்க லோயரா தம்பி?" என்று லோக்காப்பில் ஒரு பெரியவர் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க ஐயா, பழகிட்டு இருக்கேன். பெரிய லோயர் கூட இருப்பாங்க. நான் பேச வேணாம்னா சொல்லிடுங்க."

"யாராச்சும் பேசினா சரிப்பா."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியில்லாதவர் தலையாட்டுவது சம்மதமா?

கூடப் பழகும் நண்பர்கள், "நாம போகலன்னா அவருக்கு யாருமே இல்லடா. ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்" என்கிறார்கள். உண்மைதான், ஆனால் ரொம்ப வசதியான உண்மை. அதை அளவுகோலாக வைத்தால் எவ்வளவு மோசமாகப் பேசினாலும் நாம் பாஸ். கோயில் அன்னதானத்தில் ஊசிப்போன சோற்றைப் போட்டுவிட்டு, 'பட்டினிக்கு இது மேல்' என்று சொல்வோமா?

என்னைப் பொறுத்தவரை இதை ஓரளவு நியாயமாக்குவது பின்னால் நிற்கும் அந்த மாஸ்டர்தான். ஓர் உதாரணம். சிறைத் தண்டனை பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்து தொடங்கும். நீதிமன்றம் வேறு தேதியும் குறிப்பிடலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282ஆவது பிரிவு. அதனால் 'கைதான நாளிலிருந்து கணக்கிடுங்கள்' என்று கேட்கலாம். ஏற்கெனவே மூன்று வாரம் உள்ளே இருந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் மூன்று வார வாழ்க்கை. பதற்றத்தில் இருக்கும் புதியவன் வாயில் முதலில் மறந்துபோவதும் அதுதான். அதனால்தான் என் மாஸ்டர் நீதிமன்றக் கதவருகே நிறுத்தி, "எப்ப புடிச்சாங்க?" என்று தேதியைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

புதியவனிடமும் ஒன்று இருக்கிறது: நேரம். "ஒத்துக்கிட்டா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?" என்று கேட்கிற நம் பையன்கள் உண்டு. தண்டனைச் சட்டம் 379இன் கீழ் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு என்பதைத் தமிழில், பொறுமையாக, இரண்டு தடவை விளக்க வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பார், 'யோசிச்சியா' என்று கேட்பது அவர் வேலையில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. நான் தேறியதும் காசு கொடுப்பவர்களிடம் போய்விடுவேன். அந்த லோக்காப்புக்கு இன்னொரு புதியவன் வருவான். நல்லவேளை, தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. முழு வழக்கறிஞர்கள் அதன் வழியாக ரிமாண்டிலிருந்து விசாரணை வரை வருகிறார்கள். அதற்கும் ஆட்கள் பெயர் கொடுத்தால்தானே?

வழக்கறிஞரான பிறகும் மாதம் ஒரு நாள் வருவேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். "சேம்பரிங்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க" என்று சிரித்தார். பிறகு டைரியை எடுத்து, எந்தக் கிழமை என்று கேட்டார்.

செவ்வாய் என்றேன்.