தரையில் படுத்த கொடி

கிரேக்கத் தீவு நாக்ஸோஸிலிருந்து காலைக் கப்பலில் இன்னொரு தீவு, சாந்தோரினி. மாலைக் கப்பலில் திரும்ப வேண்டும். ஒயின் சுவைக்கவே ஒரு தீவுக்குப் போய் வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மண்ணைக் கெடுக்காத ஒயின் என்று சேர்த்துக்கொண்டால் வெட்கம் கூடுகிறது. கப்பல் எரிக்கிற எண்ணெயை என்ன சொல்லி மறைப்பது?

*

அதினியோஸ் துறை எரிமலைக் குழியின் விளிம்புக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் செங்குத்துப் பாறை. கறுப்பு, துருச் சிவப்பு, சாம்பல் என்று அடுக்கடுக்காக. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த மலை கொட்டிய நுரைக்கல்லும் சாம்பலும் தீவின்மேல் போர்வையாகப் படிந்தன. நடுப்பகுதி இடிந்து கடலுக்குள் போயிற்று. ஊர்ப் பேருந்து வளைந்து வளைந்து மேலே ஏறியது. வாடகைக் கார் வேண்டாம் என்று வைத்துக்கொண்டது ஒன்றுதான் இன்றைக்கு என் புண்ணியக் கணக்கு.

*

பிர்கோஸ் ஊருக்கு வெளியே நடந்தேன். திராட்சைத் தோட்டம் எங்கே என்று தேடிக்கொண்டே அதன் நடுவில்தான் நின்றிருக்கிறேன். பந்தல் இல்லை, கம்பி இல்லை, கழி இல்லை. வெளிறிய மண்ணில் தள்ளித் தள்ளிப் பச்சைக் குவியல்கள், முழங்கால் உயரம்கூட வராது.

ஒன்றின் பக்கத்தில் குந்தினேன். பானை வைக்கிற பிரிமணையைப் பெரிதாக முறுக்கித் தரையில் போட்ட மாதிரி கிடந்தது கொடி. கூலூரா என்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கத்தரித்து, வெட்டாமல் விடுகிற தண்டுகளைப் பழைய வளையத்தோடு சேர்த்துப் பின்னுகிறார்கள். கூடை வருடா வருடம் கனத்துக்கொண்டே போகும். இலையை விலக்கினால் உள்ளே மிளகுப் பருமனில் காய்கள். வெளியே என் தொப்பியைப் பிடுங்கிய காற்று உள்ளே நுழையவில்லை. வெயிலும்தான்.

*

தண்ணீர் பாய்ச்சுவது வழக்கமில்லை. கோடையில் மழை என்பதே அநேகமாகக் கிடையாது. இரவில் கடலிலிருந்து வந்து இந்த நுரைக்கல் மண்ணில் தங்குகிற ஈரம்தான்.

நம்பாமல் ஒரு நுரைக்கல்லை எடுத்தேன். கையில் எடையே தெரியவில்லை, உடம்பெல்லாம் துளை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நாக்கில் வைத்தேன். சட்டென்று ஒட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சியது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. இன்று நான் சுவைத்த முதல் பொருள் அதுதான்.

*

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்செரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அதன்பிறகு அங்கே பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேர்மேல் ஒட்டுக் கட்டியவை. இந்தத் தீவு மண்ணில் களி அநேகமாகக் கிடையாது. பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால் இங்கே கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது. இல்லை, கிடக்கிறது.

70, 80 ஆண்டுகளில் கூடை தளர்ந்து காய்ப்புக் குறைந்தால் மேலே வெட்டிவிடுகிறார்கள். அடிவேர் மறுபடி துளிர்க்கும். மறுபடி பின்னுவார்கள். மேலே கிழவனா குழந்தையா என்று பார்த்து, கீழே இருப்பதன் வயதைச் சொல்ல முடியாது.

*

பாறைக்குள் குடைந்த பழைய கூடம் ஒன்றில் நான்கு கோப்பைகள் வைத்தார்கள். துப்புவதற்கு ஒரு வாளி. பாட்டிக்குப் படிக்கம் ஏந்திய கை என்னுடையது. துப்புவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் இதைத் துப்ப மனம் வரவில்லை.

முதலில் அஸிர்டிகோ. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறிய வாசனை. வாயில் கூர்மையான புளிப்பு, அது அடங்கும் இடத்தில் உப்பு. இவ்வளவு வெயிலில் பழுத்தும் புளிப்பைக் கைவிடாத திராட்சை இது.

கடைசியில் வின்சாந்தோ. பறித்த குலைகளை ஏறத்தாழ இரண்டு வாரம் வெயிலில் பரப்பி, சுருங்கியபின் பிழிந்து, குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் வைக்கிறார்கள். கருப்பட்டிப் பாகின் நிறம். ஒரு மிடறு குடித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

ஊற்றிக் கொடுத்த அம்மா, கத்தரிக்கவும் பின்னவும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன என்றார். அண்மை வறட்சிகளில் விளைச்சலும் சரிந்துவிட்டது.

*

வெளியே வந்தால் தோட்டத்தை ஒட்டி ஒரு விடுதி. அதன் நீச்சல் குளத்தில் நீலத் தண்ணீர். கடல்நீரின் உப்பை நீக்கித் தண்ணீர் எடுக்கிற தீவு இது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடம்கூடக் கேட்காத கொடி.

தீவில் வசிப்பவர்கள் சுமார் 15,000 பேர். உல்லாசக் கப்பல்களில் வருவோர் நாளுக்கு 8,000 பேருக்கு மேல் கூடாது என்று 2025இல் வரம்பு வைத்தார்கள். அது குறைத்தபின் உள்ள எண்ணிக்கை! கொடிக்கு நிலம் வேண்டும், விடுதிக்கும் அதே நிலம் வேண்டும். என்னைப் போன்றவர்கள் அறை கேட்பதால்தான் விலை ஏறுகிறது. இரவு தங்காமல் திரும்புகிறேன் என்பது விடையாகாது. கப்பல் எண்ணெய் மறுபடி நினைவுக்கு வருகிறது.

*

துறையில் கப்பல் தாமதம். சட்டைப்பையில் கைவிட்டால் அந்த நுரைக்கல். எடுத்துவர வேண்டும் என்று நினைத்த ஞாபகம் இல்லை. பாறையடியில் அதே மாதிரிக் கற்கள் சிதறிக் கிடந்தன. அவற்றோடு வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது எது என்னுடையது என்று தெரியவில்லை.